பியூஸ் கட்டைக்குத் தெரியாத மின்சாரம்

பயிற்சி இல்லாதவர்கள் உயர் மின்னழுத்தத்தோடு செய்யும் சோதனைகள் என்றதும், பின்னறையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு நீலப் பொறி பறக்கவிடும் இளைஞர் ஒருவரின் உருவமே பலருக்கும் மனத்தில் எழும். ஆனால் திண்டுக்கல் சமவெளியில் அத்தகைய சோதனை பெரும்பாலும் நடப்பது மோட்டார் ரூமுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் நடுவிலுள்ள வரப்பின்மேல்தான். அதைச் செய்பவரும் அதைச் சோதனை என்று அழைப்பதில்லை, 'பன்றிக்குக் கம்பி போட்டிருக்கிறது' என்றே சொல்வார். ஒரு புறம் சிறுமலையும் இன்னொரு புறம் பழனி மலைத்தொடரின் அடிவாரமும் நிற்க, கன்னிவாடி, ஆத்தூர், ஒட்டன்சத்திரம், அய்யலூர், நத்தம் ஆகிய ஊர்களின் ஓரங்களில் வனமும் வயலும் வேலியே இல்லாமல் ஒட்டிக் கிடக்கின்றன. நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும் சோளக் கதிர் பால் கட்டும் பருவத்திலும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் அரை ஏக்கரைக் கிளறிவிட்டுப் போகிறது. அடிவாரத்துத் தோப்புகளில் காட்டுமாடும், சில இடங்களில் யானையும் இறங்குகின்றன. மூன்று மாத உழைப்பு கண் முன்னே போவதைப் பார்த்த ஒருவர் முழங்கால் உயரத்தில் குச்சி நட்டு, அதில் கட்டுக்கம்பியை ஓடவிட்டு, அதன் ஒரு முனையைப் பம்புசெட்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் பேஸ் கம்பியில் சேர்த்துவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்தக் கம்பியைப் பற்றியது. அதற்குள் ஓடும் மின்சாரம் ஏன் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை என்பதைப் பற்றியது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை. அதை வோல்ட்டில் அளக்கிறார்கள். மின்னோட்டம் என்பது அந்த விசையால் உண்மையில் ஓடும் அளவு. அதை ஆம்பியரில் அளக்கிறார்கள், உடலுக்குள் ஓடுவதைப் பற்றிப் பேசும்போது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியரில். மின்தடை என்பது அந்த ஓட்டத்துக்கு வழியில் உள்ள எதிர்ப்பு. அதன் அலகு ஓம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரையிலானதைத் தாழ்வழுத்தம் என்றும், 650 வரையிலானதை நடுத்தர அழுத்தம் என்றும், 33,000 வரையிலானதை உயரழுத்தம் என்றும், அதற்கும் மேற்பட்டதை மிகை உயரழுத்தம் என்றும் வகுத்தன. ஆகவே வீட்டுக்கு வரும் 230 வோல்ட் சட்டத்தின் பார்வையில் தாழ்வழுத்தமே. பொறியாளர்களின் வசதிக்காக இடப்பட்ட இந்தப் பெயர் ஊருக்குள் வரும்போது வேறு பொருள் பெற்றுவிடுகிறது: எச்.டி. லைன் எனும் உயரழுத்தக் கம்பிதான் ஆளைக் கொல்லும், வீட்டுக் கரண்ட் 'ஷாக் அடித்துத் தூக்கிப் போடும், அவ்வளவுதான்' என்ற நம்பிக்கை தலைமுறை கடந்து நிற்கிறது. ஒரு முறை ஷாக் அடித்துப் பிழைத்தவர்கள் அந்தக் கதையைச் சொல்வதற்கு இருக்கிறார்கள், பிழைக்காதவர்கள் இல்லை என்பதே இந்த நம்பிக்கையின் முழு அடிப்படை.

உடலைக் கொல்வது வோல்ட் தனியாக அல்ல. எவ்வளவு மில்லி ஆம்பியர், எந்த வழியாக, எவ்வளவு நேரம் ஓடியது என்ற மூன்றும் சேர்ந்தே விளைவை முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் பெர்க்கிலியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மின்கம்பியைப் பிடித்த கையைத் தன் விருப்பப்படி விட முடியாமல் போகும் எல்லையைத் தன்னார்வலர்களிடம் அளந்தார். 134 ஆண்களிடம் அந்த எல்லை சராசரியாக 16 மில்லி ஆம்பியராகவும், 28 பெண்களிடம் ஏறத்தாழ 10.5 ஆகவும் இருந்தது. அதைத் தாண்டினால் முன்கைத் தசைகள் இறுகிக் கம்பியையே பற்றிக்கொள்கின்றன. 'கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான், இழுப்பது மின்சாரமன்று, மனிதனின் சொந்தத் தசை. இன்னும் சற்று மேலே போனால் மார்புத் தசைகள் இறுகி மூச்சு நிற்கிறது. ஐம்பது, நூறு மில்லி ஆம்பியர் அளவில் ஒரு நொடியோ இரு நொடியோ மார்பு வழியாக ஓடினால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டுப் புழுக்கூட்டம் நெளிவதுபோல் துடிக்கத் தொடங்குகின்றன. கீழறை நடுக்கம் எனப்படும் இந்த நிலையில் இதயம் அசைகிறது, ஆனால் இரத்தம் போவதில்லை; மார்பை அழுத்தும் முதலுதவி சில நிமிடங்களுக்குத் தாக்குப்பிடிக்க உதவுமே தவிர, அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்கு அதற்கென உள்ள அதிர்ச்சிக் கருவி வேண்டும். நள்ளிரவில், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிய காட்டில், அந்தக் கருவி இருக்கப்போவதில்லை.

கணக்கு எளிது. காய்ந்த தோலுக்கு மின்தடை அதிகம். வியர்வையோ சேறோ பட்டு நனைந்த உடலுக்கு அது ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 230 வோல்ட்டை ஆயிரம் ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர் வருகிறது. இதயத்தை நடுங்கவைக்கப் போதுமானதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் ஈரத்தோடு வரப்பில் நடக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த ஆயிரம் ஓம் என்பது எவ்வளவு சாதாரணமாக அமையும் என்பது புரியும்.

இனி பியூஸ் கட்டைக்கு வரலாம், ஏனெனில் சோதனை செய்கிறவர் தம்மைப் பாதுகாப்பதாக நம்புவது அதைத்தான். பியூஸ் என்பது அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால் தானே உருகி அறுந்துபோகும் மெல்லிய கம்பி. பம்புசெட் மோட்டாருக்கு ஏற்ற பியூஸ் பத்து, பதினைந்து, இருபது ஆம்பியர் வரை பேசாமல் விட்டுவிடும். மோட்டார் கிளம்பும்போது அதைவிடப் பல மடங்கு இழுப்பதால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஒரு மனிதனின் உயிரைப் பறிக்கும் 0.23 ஆம்பியர் அந்தப் பியூஸின் கண்ணில் ஒரு சிறு விளக்கு எரிவதைப் போன்றது. பியூஸ் உருவாக்கப்பட்டது கம்பியும் மோட்டாரும் தீப்பிடிக்காமல் காப்பதற்காக. மனிதனைக் காக்கும் வேலை அதனிடம் ஒருபோதும் ஒப்படைக்கப்படவில்லை. மனிதனைக் காப்பதற்கென்றே அமைந்த கருவி வேறு: பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு தெரிந்தாலே, அதாவது அந்த அளவு எங்கோ மண்ணுக்குள் கசிந்தாலே, 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. எனும் கசிவுமின் துண்டிப்பான். டால்சியலின் ஆய்வுகள் இந்தக் கருவி உருவாவதற்கு நேரடியாக வழிவகுத்தன. இங்கே கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு: ஆர்.சி.டி. பொருத்திய இணைப்பில் பன்றிக் கம்பி நிலைக்கவே நிலைக்காது. கம்பியில் உரசும் கோரைப்புல், இரவுப் பனி, நனைந்த குச்சி எல்லாமும் சேர்ந்து முப்பது மில்லி ஆம்பியரைக் கசியவிட்டுவிடும், கருவி உடனே விழுந்துவிடும். ஆகவே இத்தகைய வேலி எங்கே உயிரோடு இருக்கிறதோ, அங்கே மனிதனைக் காக்கும் கருவி இல்லை என்பது விசாரிக்காமலே தெரிந்துவிடுகிறது.

மண்ணும் பியூஸின் இந்த மௌனத்துக்குத் துணை நிற்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தின் பெரும் பரப்பு செம்மண்ணும் சரளையும். கோடையில் அது ஈரத்தை ஆழத்தில் மட்டும் வைத்திருக்கும். அத்தகைய தரையில் ஒரு கம்பி அறுந்து விழுந்தாலோ, வேலிக் கம்பி குச்சியிலிருந்து நழுவித் தரையைத் தொட்டாலோ, மண்ணின் மின்தடை ஐம்பது ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட ஓடப்போவது ஐந்து ஆம்பியருக்கும் குறைவுதான். பியூஸ் போகாது. கம்பி உயிரோடு தரையில் கிடக்கும். அதைச் சுற்றியுள்ள மண்ணில் மின்னழுத்தம் வட்ட வட்டமாகக் குறைந்துகொண்டே பரவும். அந்த வட்டங்களின் குறுக்கே கால் அகட்டி நடப்பவரின் இரண்டு பாதங்களும் வேறு வேறு அழுத்தத்தில் இருப்பதால், ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கும் ஓட்டம் ஒன்று உண்டாகிறது. இதை அடியிடை மின்னழுத்தம் என்பார்கள். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், இதயமும் அந்த வழியில் இருக்கிறது. மனிதன் சிலிர்த்துக்கொண்டு விலகிய இடத்தில் மாடு விழுந்து இறப்பது அதனால்தான். மாடு விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்க ஓடுகிறவர் அடுத்ததாக விழுகிறார். அத்தகைய இடத்திலிருந்து விலக நேர்ந்தால் இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துச் சிறு சிறு எட்டாக நகர வேண்டும் என்று மின்துறையினர் சொல்வதன் காரணமும் இதுவே.

மூன்றாவது மௌனம் மீட்டருடையது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. அந்தத் திட்டம் வறண்ட மாவட்டங்களின் வேளாண்மையைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை, ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வேடசந்தூர்ப் பக்கத்து உழவரிடம் அதைக் குறை சொல்வது பொருந்தாது. ஆனால் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை, பில் வருவதில்லை என்பதால், இரவு முழுவதும் வேலி வழியாக மண்ணுக்குள் வடிந்துகொண்டிருக்கும் மின்சாரம் எந்தத் தாளிலும் எண்ணாக எழுவதில்லை. வீட்டு இணைப்பாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கணக்கு கண்ணில் குத்தும். இங்கே பியூஸ் பேசாது, மண் பேசாது, பில் பேசாது. கம்பியோ பார்ப்பதற்குத் துணி காயப்போடும் கம்பியைப் போல் இருக்கும்.

கைத்திறன் இல்லாததால் இந்த விபத்துகள் நடக்கின்றன என்று நினைப்பது தவறு. பூட்டுத் தொழிலால் பெயர் பெற்று, அந்தப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கிய ஊர் திண்டுக்கல். அரத்தையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு எதையும் பிரித்துச் சேர்த்துவிடும் கைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் வராத நேரத்தில் கன்டென்சர் மாட்டி மோட்டாரை ஓடவைக்கிறார்கள். நியூட்ரல் கிடைக்காத இடத்தில் தரையில் ஒரு இரும்புக் குழாயை அடித்து, அந்த எர்த்தையே திரும்பும் வழியாக்கி விளக்கு எரிக்கிறார்கள். இரண்டும் வேலை செய்கின்றன. சிக்கலும் அதுதான். கன்டென்சர், அதாவது மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் கலம், சுவிட்சை அணைத்த பின்னும் தன்னிடம் உள்ளதை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். இறுக்கமில்லாத ஒரு ஸ்குருவைத் திருகப் போகும் விரலுக்கு அது தெரியாது. தரையில் அடித்த குழாயோ, சுற்றியுள்ள மண் காயக் காயத் தானே பேஸின் அழுத்தத்துக்கு ஏறத் தொடங்குகிறது. மழைக்காலத்தில் தொட்டுத் தொட்டுப் பழகிய குழாய் சித்திரை மாதத்தில் ஆளைக் கொல்லும் குழாயாக மாறியிருக்கும். விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது என்பது சோதனையின் ஒரு பாதி விடை மட்டுமே. மறு பாதியைக் கேட்பதற்கு அந்தச் சுற்றில் எந்த உறுப்பும் வைக்கப்படவில்லை.

இந்தக் கைத்திறனின் மிகப் பரிதாபமான எடுத்துக்காட்டு குண்டு பல்பு. ஈரமனம் கொண்ட சிலர், பன்றி மிரண்டு ஓடினால் போதும், செத்துவிடக் கூடாது, ஆளுக்கும் ஆபத்து வரக் கூடாது என்று எண்ணி, பேஸுக்கும் வேலிக் கம்பிக்கும் நடுவே ஒரு நூறு வாட் பல்பைத் தொடராக இணைக்கிறார்கள். பல்பு வழியாகத்தானே மின்சாரம் வர வேண்டும், ஆகவே குறைந்துதான் வரும் என்பது அவர்கள் தர்க்கம். கேட்பதற்கு அறிவாகவே இருக்கிறது. கணக்குப் போட்டால் அது உடைந்துவிடுகிறது. முழு வெளிச்சத்தில் எரியும் நூறு வாட் பல்பின் மின்தடை ஐந்நூறு ஓமுக்குச் சற்று மேல். ஆனால் குளிர்ந்திருக்கும் இழைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. ஆயிரம் ஓம் உள்ள மனித உடல் அதன் பின்னால் வந்து சேரும்போது, இழை முழுச் சூடேறும் அளவுக்கு மின்னோட்டம் போவதில்லை. பல்பு ஓட்டத்தைச் சற்றே குறைப்பதோடு நின்றுவிடுகிறது, நூற்றைம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் உடல் வழியே ஓடுகிறது. பல்பு பளிச்சென்று எரிந்து எச்சரிக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அது மங்கலாக மட்டுமே கண் திறக்கும். நல்ல எண்ணத்தோடு போடப்பட்ட வேலிக்கும் கெட்ட எண்ணத்தோடு போடப்பட்ட வேலிக்கும் இதயத்தைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை.

சந்தையில் முறையாக விற்கும் மின்வேலி எப்படி ஆளைக் கொல்லாமல் விரட்டுகிறது என்பதை இதோடு ஒப்பிட்டால் தலைகீழான உண்மை ஒன்று தெரியும். சூரிய மின்வேலியின் உந்துபெட்டி கம்பிக்குள் அனுப்புவது 230 வோல்ட் அன்று, பல ஆயிரம் வோல்ட். அப்படியிருந்தும் அது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணம், அந்த அழுத்தம் தொடர்ச்சியாக வராமல் நொடிக்கு ஒரு முறைக்கு மேற்படாத தட்டாக வருகிறது. ஒவ்வொரு தட்டும் நொடியில் நூறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, ஐந்நூறு ஓம் உடலுக்குள் ஐந்து ஜூலுக்கு மேல் ஆற்றலைச் செலுத்தக் கூடாது என்று பன்னாட்டுத் தரநெறி வரையறுக்கிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் அந்த நீண்ட இடைவெளியில் தசை தளர்கிறது, கை விடுபடுகிறது, விலங்கு பாய்ந்து விலகுகிறது, இதயம் தன் தாளத்தை இழப்பதில்லை. 1930-களில் நியூசிலாந்தில் பில் காலகர் என்பவர், தம் காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்த குதிரையை விரட்டுவதற்காகக் காருக்கே ஷாக் கொடுக்கும் சுற்று ஒன்றைச் செய்ததிலிருந்து அவர் பெயரிலான மின்வேலித் தொழில் தொடங்கியதாக வரலாறு சொல்கிறது. அவரும் பொறியியல் பட்டம் பெற்றவரல்லர், பண்ணைக்காரர்தான். ஆகவே பயிலாத கைகளின் சோதனையை மொத்தமாக இகழ்வதற்கும் இடமில்லை. அந்தக் குதிரைக்கும் இந்த வரப்புக்கும் நடுவே பல பத்தாண்டு அளவீடும் தரநெறியும் இருக்கின்றன என்பதே வேறுபாடு. பழைய மோட்டார் சைக்கிளின் இக்னிஷன் காயிலையும் ஒரு ரிலேயையும் வைத்து வீட்டிலேயே உந்துபெட்டி செய்கிறவர்கள் அந்தப் பத்தாண்டுகளை ஒரு மாலையில் தாண்டிவிட நினைக்கிறார்கள். தட்டுகளை எண்ணும் அந்த ரிலே ஒரு நாள் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் பெட்டியில் பதில் இருக்காது.

தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச் 7-ஆம் தேதி நடந்தது தமிழகம் அறிந்த செய்தி. விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போடப்பட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் அடுத்தடுத்துச் சிக்கி இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பி, இறந்துகிடந்த யானைகளைச் சுற்றியே நின்றன. மூன்று டன் எடையுள்ள உயிர் விழுந்தும், மின்சாரம் அதே வேகத்தில் அடுத்த உயிருக்காகக் கம்பியில் நின்றது. அந்த ஆண்டிலேயே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகளைக் கொண்டுவந்து, வனப்பகுதியை அடுத்த நிலங்களில் வேலி அமைப்பதற்கு முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. அண்டை மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், பழனி மலைகளுக்கு மேற்கே அதிகத் தொலைவில்லாத நெல்வயல்களில், 2022 மே மாதம் பன்றிக்கு வைத்த கம்பியில் இரண்டு காவலர்கள் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் இரண்டு இளைஞர்கள் இறக்க, நிலத்துக்காரர் உடல்களைத் தம் வயலிலேயே புதைத்தார். 2025 ஜூனில் மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போன பள்ளி மாணவன் ஒருவன் பன்றிப் பொறியின் கம்பியில் இறந்தான். செய்தித்தாள்களின் திண்டுக்கல் மாவட்டப் பக்கங்களிலும் இதே கதை பெயர் மாறி மாறி வந்துகொண்டுதான் இருக்கிறது. இறப்பவர் பெரும்பாலும் அந்தக் கம்பியைப் பற்றி அறியாத பக்கத்துக் காட்டுக்காரராக, முறைத் தண்ணீருக்கு இரவில் எழுந்து போனவராக, முயல் தேடிப் போன பையனாக இருக்கிறார். சில நேரங்களில் விடியுமுன் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டுக் களை எடுக்கப் போன நிலத்துக்காரரே ஆகிவிடுகிறார்.

சட்டம் இதை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. பம்புசெட்டுக்கென்று கொடுத்த மின்சாரத்தை வேலிக்குத் திருப்புவதும், கொக்கி போட்டு எடுப்பதும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ் மின்திருட்டு. காட்டுயிர் இறந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சேர்ந்துகொள்கிறது. மனிதர் இறந்தால், கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று விட்டுவிடாமல், மரணம் நேரக்கூடும் என்று தெரிந்தே செய்த செயல் என்ற கடுமையான பிரிவில் வழக்குப் பதிவாகவும் வாய்ப்புண்டு. ஆனாலும் சட்டத்தின் நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பன்றியின் வேகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இழப்பீட்டுக்கு எழுதிப் போட்டால் அதிகாரி வந்து பார்ப்பதற்குள் அடுத்த இரவு வந்துவிடுகிறது. தரமான சூரிய வேலியின் விலை இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரருக்கு எளிதன்று. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைப் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம், ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட தொலைவில் பிடித்துக் காட்டில் விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று அறிவித்தது. சிறுமலை அடிவாரத்திலும் கன்னிவாடி ஓரத்திலும் உள்ள நிலங்களில் பல அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே கிடக்கின்றன. கட்டுக்கம்பி ஏன் இன்னும் விலைபோகிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் தேவையில்லை.

பின்னறை இளைஞரையும் மறந்துவிடக் கூடாது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அதில் அடிவாங்கிய மெக்கானிக்குகள் பலர் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வார்கள். அதில் சேமிப்பு குறைவு என்பதால் பெரும்பாலும் பிழைத்தவர்கள் அவர்கள். அதே துணிச்சலோடு இன்றைய பையன் மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கும் காணொளியைப் பார்த்துச் செய்து பார்க்கிறான். அந்த டிரான்ஸ்பார்மர் தருவது இரண்டாயிரம் வோல்ட் மட்டுமே, ஆனால் அதன் பின்னால் அரை ஆம்பியர் அளவுக்கு ஓயாமல் தள்ளும் வலு இருக்கிறது. இரண்டாம் வாய்ப்பு என்பது அதில் ஏறத்தாழ இல்லை. அமெரிக்காவில் இந்தக் கோலத்தில் இறந்தவர்கள் பலர். அந்நாட்டு மரக்கடைசல்காரர் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. பெஞ்சமின் பிராங்க்ளினே 1750 டிசம்பரில், லெய்டன் ஜாடிகளில் சேர்த்த மின்னேற்றத்தால் வான்கோழி ஒன்றைக் கொல்ல முயன்று, கவனம் சிதறித் தாமே அந்த அடியை வாங்கி நினைவிழந்தார். மூன்று ஆண்டு கழித்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் ரிக்மன், தரையோடு இணைக்கப்படாத இடிதாங்கிக் கம்பியின் அருகே குனிந்து இடிமேகத்தின் மின்னை அளக்கப் போய் இறந்தார். பிராங்க்ளின் பிழைத்ததற்கும் ரிக்மன் பிழைக்காததற்கும் அறிவில் வேறுபாடு எதுவும் காரணமில்லை.

உண்மையான உயரழுத்தக் கம்பிகளைப் பொறுத்தவரை, அவற்றைத் தொடாமலே இறக்கலாம் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். 11,000 வோல்ட் கம்பி சிறு இடைவெளியைக் காற்றின் வழியாகவே தாண்டும். அதனால்தான் அதற்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டரும் மேலே 3.7 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மாரண்டஅள்ளி நிகழ்வுக்குப் பதினோரு நாள் கழித்து, அதே தருமபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூர் பக்கம், ஏரிக்கரையில் ஏறிய யானை ஒன்று தாழ்ந்து தொங்கிய கம்பியைத் தொட்டு இறந்தது. தேங்காய் பறிக்க இரும்புத் தொரட்டியைத் தூக்குகிறவரும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாயை உருவி நிமிர்த்துகிறவரும், தலைக்கு மேல் என்ன ஓடுகிறது என்று ஒரு முறை அண்ணாந்து பார்த்தால் தப்பிக்கக்கூடிய விபத்துகள் இவை.

அந்தக் கம்பிகளில் அன்றாடம் வேலை செய்கிறவர்கள் அவற்றை எப்படி அணுகுகிறார்கள் என்பதைச் சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். மின்வாரிய லைன்மேன் டிரான்ஸ்பார்மரின் ஏ.பி. சுவிட்சைத் தாமே இழுத்து அணைக்கிறார். கத்திகள் மூன்றும் பிரிந்து நிற்பது கீழிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. ஏரியல் பியூஸைப் பிடுங்கிவிடுகிறார். எந்த மின்சாரமும் இனி அந்தக் கம்பிக்கு வர வழியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதன் பிறகும், நுனியில் கொக்கியும் அடியில் மண்ணில் ஊன்றிய எர்த் வயரும் கொண்ட நீளமான டிஸ்சார்ஜ் ராடை எடுத்து, சற்று முன் தாமே அணைத்த அந்தக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மூன்றையும் தரையோடு இணைத்துக் கட்டிவிட்டுத்தான் கம்பத்தில் கால் வைக்கிறார்.